அப்பவே சொன்னேன்ல!

நம்ம ஆட்களிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், எஸ்.பி.எம். ரிசல்ட் வந்த அன்றைக்கு, ஒருத்தர் கடையை இழுத்து மூடிய மறுநாள் என்று எங்கே போனாலும் அது காதில் விழும். ‘அப்பவே சொன்னேன்ல!’ எப்போது சொன்னீர்கள், யாரிடம் சொன்னீர்கள், என்ன காரணம் காட்டினீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. பெரும்பாலும் அவர் சொல்லியே இருக்க மாட்டார். முடிவு தெரிந்த பிறகு, சொன்னதாக அவருக்கே ஞாபகம் வந்துவிடுகிறது. நம் பிள்ளைகளின் தைரியத்தை இந்த வாக்கியம் கெடுத்த அளவுக்கு வறுமைகூடக் கெடுத்ததில்லை என்பது என் கட்சி.

இதற்கு மருந்தாக நான் சிபாரிசு செய்வது சீட்டாட்டம். அதிலும் போக்கர். முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம்.

காசு வைத்து ஆடச் சொல்லவில்லை. 1953ஆம் ஆண்டின் சூதாட்ட இல்லங்கள் சட்டம் இந்த நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது ஒரு பக்கம். வீட்டு வாடகையை மேஜையில் வைத்தவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை, நடுங்கத்தான் செய்கிறான் என்பது இன்னொரு பக்கம். எங்கள் மேஜையில் புழங்குவது ரப்பர் கொட்டை. சுங்கை சிப்புட் பக்கம் என் மாமா வீடு. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்தை இடித்து வருஷக்கணக்காகிறது. ஆனாலும் ஓடையோரத்தில் நாலைந்து பால்மரங்கள் யார் கண்ணிலும் படாமல் தப்பி நிற்கின்றன. அந்த மரங்கள் வெடித்துப் போடும் கொட்டைகள்தான் எங்கள் பணம். ஆளுக்கு 100. ஆரம்பத்தில் ஈப்போ புந்தோங்கிலிருந்து நான் வாங்கிப்போன கச்சான் பூத்தேயை வைத்துத்தான் ஆடினோம். பாதி ஆட்டத்தில் பணத்தைத் தின்றுவிட்டார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்கக் கூடாது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. அந்தக் கடைசிச் சீட்டுக்கு ரிவர் என்று பெயர். ஏழில் சிறந்த ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்கு நடுவில் குவிந்திருப்பது மொத்தமும். ஒவ்வொரு சீட்டு திறக்கும்போதும் கொட்டையைக் கூட்டலாம், ஒத்துக்கொள்ளலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம்.

போன பெருநாள் விடுமுறையில் என் மச்சானுக்கு இரண்டு ஏஸ் வந்தது. அதைவிட நல்ல ஜோடி இந்த ஆட்டத்தில் கிடையாது. சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் வரும். இருந்த கொட்டையை எல்லாம் நடுவில் தள்ளினான். எதிரே உட்கார்ந்திருந்த சித்தப்பா மகனிடம் ஒன்பது ஜோடி. அவனும் தள்ளினான். இந்த நிலையில் ஐந்துக்கு நாலு தடவை ஏஸ்தான் ஜெயிக்கும். நாலு பொதுச்சீட்டு திறந்தாகிவிட்டது, ஒன்பதைக் காணோம். மிச்சம் தெரியாத சீட்டு 44. அதில் மச்சானைக் கவிழ்க்கக்கூடியது இரண்டே இரண்டு. 22க்கு ஒன்று. ரிவரில் ஒன்பது வந்தது.

பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா உடனே சொன்னார்: “அப்பவே சொன்னேன்ல, எல்லாத்தையும் தள்ளாதடான்னு!”

அவர் சொல்லவில்லை. கொட்டையைத் தள்ளியபோது “போடு மாப்ள” என்றுதான் சொன்னார். அதை விடுங்கள். மச்சான் செய்தது சரியா தப்பா? சரி. நூற்றுக்கு நூறு சரி. நாளைக்கு அதே சீட்டு வந்தால் அதையேதான் செய்ய வேண்டும். தோற்றது என்பது அவன் எடுத்த முடிவைப் பற்றிய செய்தி இல்லை, ரிவரைப் பற்றிய செய்தி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு நம் வீடுகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. போக்கர் தருகிறது. அதுவும் ஒரே ராத்திரியில் முப்பது நாற்பது தடவை, மண்டையில் தட்டித் தட்டி.

கூத்து என்னவென்றால், மறுநாள் மாமா 0909 என்று நாலு நம்பர் எழுதப் போய்விட்டார். சீட்டாட்டம் குடும்பத்தைக் கெடுக்கும் என்று எங்களுக்குப் பாடம் எடுப்பவர் இவர். விபத்தில் நசுங்கிய காரின் நம்பர், கனவில் வந்த பாட்டியின் வயது எல்லாம் இவருக்குப் பரிசு எண். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளிக்குப் பெரிசு எழுதினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, அடுத்தது 1,000, அடுத்தது 500. சிறப்புப் பரிசு பத்து எண்ணுக்குத் தலா 180. ஆறுதல் பரிசு பத்து எண்ணுக்குத் தலா 60. மொத்தம் 6,400. இருக்கும் எண்களோ 10,000. அதாவது காலமெல்லாம் எழுதுகிறவருக்கு, போட்ட வெள்ளிக்கு 64 காசு திரும்பி வரும். இதில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. எந்த எண்ணும் எந்த எண்ணுக்கும் சமம். முடிவே எடுக்கத் தேவையில்லாத ஆட்டத்தை வாரம் மூன்று தடவை ஆடும் சமூகம், ஒவ்வொரு நிமிஷமும் முடிவெடுக்கச் சொல்லும் ஆட்டத்தைப் பாவம் என்கிறது.

திருக்குறளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், தெரியும். 94ஆம் அதிகாரம், சூது. நானும் படித்திருக்கிறேன். ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் குறளே என் கட்சிக்காரர். வள்ளுவர் அங்கே ‘தோற்பாய், அதனால் ஆடாதே’ என்று சொல்லவில்லை. ஜெயித்தாலும் வேண்டாம் என்கிறார். அந்த ஜெயிப்பு மீன் விழுங்கிய தூண்டில் என்கிறார். கவனியுங்கள், ஜெயித்தவனைப் பார்த்துத்தான் அவர் தலையில் அடித்துக்கொள்கிறார். கெட்ட முடிவு ஜெயித்தாலும் கெட்ட முடிவுதான். இது தெரிந்த ஒருவரை, மேடையில் தோற்றவர்களைத் திட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

பாரதமும் அப்படித்தான். தருமன் சூதாடி நாட்டை இழந்தான், ஆகவே ஆடாதே என்பதோடு கதையை முடித்துவிடுவார்கள். பிறகு காட்டில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. உடைந்துபோய் உட்கார்ந்திருந்த தருமனிடம் பிருகதஸ்வர் என்ற முனிவர் வருகிறார். நளன் கதையைச் சொல்கிறார். கடைசியில் ‘இனிமேல் ஆடாதே’ என்று சத்தியம் வாங்காமல், ஆட்டத்தின் நுட்பத்தைத் தருமனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதை வைத்துக்கொண்டுதான் தருமன் விராடன் சபையில் கங்கனாக ஒரு வருஷம் ஓட்டுகிறான்.

நளன் கதை இன்னும் விசேஷம். போக்கர்காரர்கள் டில்ட் என்று ஒன்று சொல்வார்கள். பின்பால் மெஷினை ஆத்திரத்தில் பிடித்து ஆட்டினால் அது டில்ட் என்று காட்டி நின்றுவிடும், அங்கிருந்து வந்த சொல். ஒரு தோல்வி மண்டைக்குள் புகுந்து, அடுத்த பத்து ஆட்டத்தை அது ஆடுவது. நம் கவிஞர்கள் அதற்குக் கலி என்று பெயர் வைத்தார்கள். கலி பிடித்த நளன் புட்கரனிடம் தோற்றுக்கொண்டே போகிறான், யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. இந்த நிலையை இதைவிடத் துல்லியமாக எந்தப் போக்கர் புத்தகமும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. கலி இறங்கும் இடம்தான் எனக்குப் பிடித்தது. இருதுபன்னன் தேரில் போகிறபோது ஒரு தான்றி மரத்தைப் பார்த்தே அதன் இரண்டு கிளையில் எத்தனை இலை, எத்தனை காய் என்று மதிப்பிட்டுச் சொல்கிறான். நளன் நம்பாமல் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. குதிரை வித்தையைக் கொடுத்து அந்த வித்தையை வாங்கிக்கொள்கிறான். அந்த நிமிஷம் கலி அவனை விட்டு இறங்குகிறது. பிரார்த்தனையால் இறங்கவில்லை, எண்ணத் தெரிந்ததால் இறங்குகிறது. பழைய காலத்தில் சூதுக்காய் ஆனதும் அந்தத் தான்றிக் கொட்டைதான். எங்களுக்கு ரப்பர் கொட்டை.

மச்சானுக்கும் அன்றைக்குக் கலிதான். ஏஸ் ஜோடி போனதில் ஒரு தப்பும் இல்லை. கடன் வாங்கிய 100 கொட்டையை அடுத்த இருபது நிமிஷத்தில் அவன் ஆடிய விதத்தில்தான் எல்லாத் தப்பும் இருந்தது. ஏழும் ரெண்டும் வந்தது. ஆட்டத்திலேயே மட்டமான சீட்டு. அதை வைத்துக்கொண்டு சித்தப்பா மகனை ‘விடமாட்டேன்’ என்று துரத்தினான். ரிவர் அவனிடமிருந்து 100 கொட்டையை எடுத்தது. மாமாவின் வாக்கியம் இன்னொரு 100 கொட்டையை எடுத்தது. சரியாகச் செய்தவனிடம் தப்பு என்று சொன்னால், அடுத்த தடவை எது சரி என்றே அவனுக்குத் தெரியாமல் போகிறது.

எங்கள் கூட்டத்தில் நன்றாக ஆடுவது என் அக்கா. ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். அவர் ஆட்டத்தில் எனக்குப் பிடித்த கை, அவர் தோற்ற கை. தோற்றதுகூட இல்லை, விலகிய கை. நடுவில் 20 கொட்டை. எதிராளி 10 போடுகிறான், அவனிடம் அதற்குமேல் எதுவும் மிச்சமில்லை. அக்காவிடம் நாலு ஆர்ட்டீன் இருக்கிறது. ஐந்தாவது வந்தால் ஜெயிப்பு. இன்னும் ஒரே ஒரு சீட்டு பாக்கி. தெரியாத சீட்டு 46, அதில் ஆர்ட்டீன் 9. ஐந்துக்கு ஒரு தடவைதான் வரும். 10 போட்டு 30 எடுக்க வேண்டுமானால் நாலுக்கு ஒரு தடவையாவது வந்தாக வேண்டும். அக்கா சீட்டைக் கவிழ்த்தார். உடனே மச்சான், “இருங்க இருங்க, என்ன வந்திருக்கும்னு பார்த்துடலாம்” என்று கட்டிலிருந்து அடுத்த சீட்டைப் புரட்டினான். ஆர்ட்டீன் எட்டு. மேஜை முழுக்க ‘ஐயோ’. “அப்பவே சொன்னேன்ல, இருந்திருக்கணும்!”

அக்கா சொன்னது ஒன்றுதான்: “மிச்சம் முப்பத்தேழையும் புரட்டுடா.”

அன்றிலிருந்து எங்கள் மேஜையில் வராத சீட்டைப் புரட்டிப் பார்ப்பது தடை. அக்காவுக்கு இன்னும் இரண்டு பழக்கம் உண்டு. பெரிய தோல்விக்குப் பிறகு இரண்டு ஆட்டம் உட்கார மாட்டார். எழுந்து போய் எல்லோருக்கும் தேத்தண்ணி கலப்பார். அப்புறம், தோற்ற கதையை யாரிடமும் திரும்பச் சொல்ல மாட்டார். எரிச்சல் வராதா என்று கேட்டேன். “வராம? மனுஷிதானே. வந்தா வரட்டும், அதுகிட்ட சீட்டக் குடுக்கக் கூடாது.”

அக்காவின் அந்த முடிவும் முழுசாகச் சரி என்று அடித்துச் சொல்ல முடியாது. எதிராளி பொய்யாகப் போட்டிருக்கலாம். முகம் பார்த்தால் தெரிந்திருக்கலாம். இருபது விநாடியில், பாதி தெரியாமல் எடுத்த முடிவு. குறை இல்லாத முடிவுக்குக் காத்திருந்தால் ஒரு சீட்டுகூட ஆட முடியாது. மனுஷனை விடுங்கள், மெஷினுக்கும் இதே கதிதான். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் லிப்ரட்டஸ் என்ற கணினி நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களை எதிர்த்து 20 நாளில் 1,20,000 கை ஆடி ஜெயித்தது. அது ஒரே நிலைமையில் சில தடவை ஒத்துக்கொள்ளும், சில தடவை விலகும். அதற்கே ‘ஒரே சரியான விடை’ என்று ஒன்று பல இடங்களில் கிடையாது. அது கற்றுக்கொண்ட முறையின் பெயரில் ‘வருத்தத்தைக் குறைத்தல்’ என்று இருக்கிறது. நிஜமாகவே அப்படித்தான். தனக்குத்தானே கோடிக்கணக்கான கை ஆடி, வேறு மாதிரி செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று ஒவ்வொன்றிலும் வருத்தத்தைக் கணக்கு எழுதி, கூட்டிப் பார்த்து, அடுத்த தடவை கொஞ்சமாக நகரும். ஒரே ஒரு கையை வைத்துக்கொண்டு அழாது. நாம் வருத்தப்படுவதில் தப்பில்லை. ஒரு ரிவரை வைத்து ஆயுசுக்கும் வருத்தப்படுகிறோமே, அது கணக்கில் சேராது.

இந்த இடத்தில் என் வயசுப் பசங்களிடமும் ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. நாலு வீடியோ பார்த்துவிட்டு ‘வேரியன்ஸ் ப்ரோ’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். தோற்றால் அதிர்ஷ்டம், ஜெயித்தால் திறமை. இது மாமாவின் வாக்கியத்தையே உள்பக்கமாகத் திருப்பிப் போட்ட சட்டை. முடிவைப் பலனிலிருந்து பிரிப்பது என்றால் ஜெயித்த கையையும் பிரிக்க வேண்டும். சித்தப்பா மகன் ஒன்பது ஜோடிக்கு மொத்தக் கொட்டையையும் தள்ளியது சரியா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அவன்தான் ஜெயித்துவிட்டானே.

நீதிமன்றங்களும் இதில் திண்டாடுவதைப் பார்க்கிறோம். ரம்மி திறமை ஆட்டம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. தற்கொலைகளைப் பார்த்துப் பதறித் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை மட்டும் ரத்து செய்தது. 2025இல் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ காசு கட்டும் இணைய ஆட்டம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டது. அந்தத் தடையில் எனக்குப் புகார் இல்லை. கைபேசிக்குள் ராத்திரி முழுக்க ஓடும் கடைக்கு மேஜையும் இல்லை, தேத்தண்ணி கலக்கும் அக்காவும் இல்லை. ஆனால் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே பாதிக் கேள்வி. இரண்டும் ஒரே சீட்டில் கலந்து வருகிறது. வாழ்க்கையிலும் அப்படித்தான் வருகிறது.

இத்தனையும் ரப்பர் கொட்டைக்காக நான் எழுதவில்லை. சுங்கை சிப்புட்டுக்காக எழுதுகிறேன்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தக் காசில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. இன்றும் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1982இல், ம.இ.கா. மைக்கா ஹோல்டிங்ஸைத் தொடங்கியது. அப்போது கட்சித் தலைவர் சாமிவேலு, அவரும் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்தான். சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் அதில் உண்டு. இருபத்தெட்டு வருஷம் கழித்து, ஒரு வெள்ளிப் பங்கை 80 காசுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு தனியார் நிறுவனம் முன்வந்ததுதான் மிச்சம்.

இன்றைக்கு நம் மேடைகளிலும் கட்டுரைகளிலும் முதல் கூட்டம் தொலைநோக்கு உடையவர்கள், இரண்டாவது கூட்டம் ஏமாளிகள். ‘தலைவன் சொன்னான்னு காசைக் கொண்டுபோய்க் கொட்டினாங்க’ என்று ஓர் இளக்காரம். பல இடங்களில் இது ஒரே குடும்பம். அப்பா 1960இல் கட்டினார், மகன் 1982இல் கட்டினான். காசை எடுத்துக் கொடுத்த அன்றைக்கு இருவர் கையிலும் இருந்த சீட்டைப் பாருங்கள். சொந்த மண் இல்லை. வங்கியில் பெயர் இல்லை. நம்பக்கூடிய தலைவர் ஒருவர் வந்து, சேர்ந்து போட்டால் சொத்தாகும் என்கிறார். ஒரு வித்தியாசமும் இல்லை. இன்னும் சொன்னால், முதல் தடவை பலித்ததைக் கண்ணால் பார்த்திருந்த மகனுக்குத்தான் நம்பக் காரணம் அதிகம். ரிவரில் என்ன வந்தது என்பது வேறு கணக்கு.

உடனே ஒருவர் எழுந்து, ‘அப்ப எல்லாத்தையும் ஏத்துக்கிட்டுப் போகச் சொல்றியா?’ என்று கேட்பார். இல்லவே இல்லை. தன்முனைப்புப் பேச்சாளர்கள் இந்த ‘ஏற்றுக்கொள்’ சரக்கைத் தமிழ்ப்பள்ளி மண்டபங்களில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். ரிவரில் ஒன்பது வந்ததை நான் ஏற்றுக்கொள்வேன், ஏனென்றால் எல்லோர் கண் முன்னாலும் கலைத்த கட்டு அது. கட்டிலிருந்து யாராவது சீட்டை உருவினால் மேஜையைப் புரட்டிப் போடுவேன். 1990இல் மைக்காவுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட டெலிகாம் பங்கு 10 மில்லியன். மைக்கா கைக்குப் போனது ஒரு மில்லியன். மிச்சம் 9 மில்லியன் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது பற்றிய சர்ச்சை நாடறிந்தது. அது ரிவர் சீட்டு இல்லை. மெட்ரிகுலேஷன் இடங்களில் பல வருஷமாக இருந்த 90க்கு 10 ஒதுக்கீடும் ரிவர் சீட்டு இல்லை. அதில் இடம் கிடைக்காத பிள்ளையிடம் போய் ‘இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கணும், அப்பவே சொன்னேன்ல’ என்று சொல்கிறார்களே, அவர்கள் இரண்டு தடவை தப்பு செய்கிறார்கள். சரியாக ஆடிய பிள்ளையைத் தப்பாக ஆடியதாகச் சொல்கிறார்கள். கட்டைக் கலைத்தவனைப் பற்றிக் கேள்வியே கேட்பதில்லை. எது துரதிர்ஷ்டம், எது திருட்டு என்று பிரிக்கத் தெரிய வேண்டுமானால், முதலில் எது என் முடிவு, எது அதன் பலன் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். எல்லாத் தோல்வியையும் தோற்றவன் தலையிலேயே கட்டும் ஊரில் திருடனுக்குத்தான் வசதி.

ஆகவே தோட்டத்துப் பெரியவர்களைப் பேட்டி எடுக்கும் நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. ‘அதுல போட்டு ஏமாந்துட்டீங்களா?’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வாரம் கையில் எவ்வளவு இருந்தது, பால் என்ன விலை போனது, வீட்டில் எத்தனை வாய், வேறு எதில் போட்டிருக்க முடியும், யாரிடம் கலந்து பேசினீர்கள் என்று கேளுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்து வெள்ளி கட்டிய வீட்டுப் பாட்டி ஒருவரிடம் நான் அப்படிக் கேட்டேன். எண்பது தாண்டியவர். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். “பக்கத்துத் தோட்டத்தத் துண்டு போட்டு வித்துட்டானுங்க. எங்களுக்கு நாலு புள்ளைங்க. கட்டலாமா வேணாமான்னு நானும் அவரும் ரெண்டு ராத்திரி பேசினோம்யா. அவரு கட்டலாம்னாரு, நான் வேணாம்னேன். அப்புறம் நான்தான் போய்க் கட்டிட்டு வந்தேன்” என்றார். ஏன் மனசு மாறியது என்று கேட்டேன். “அது இப்ப ஞாபகம் இல்ல. ஆனா சும்மா மாறல” என்றார்.